கொல்லிமலையில் ஒரு டம்ளர் சூப்

காரவள்ளியைத் தாண்டியதும் முதல் கொண்டை ஊசி வளைவில் ‘1/70’ என்று ஒரு பலகை நிற்கிறது. அதைப் பார்த்ததுமே என் கை தன்னால் பைக்குள் போய் எலுமிச்சம்பழத்தைத் தேடியது. மலை ஏறினால் எனக்குக் குமட்டும். இன்னும் 69 வளைவு இருக்கிறது என்று அரசாங்கமே எழுதி வைத்து நினைவூட்டும்போது குமட்டல் கொஞ்சம் முன்னதாகவே ஆரம்பிக்கும்.

மார்கழி மாதம். நாமக்கல்லில் இருந்து விடிவதற்குள் கிளம்பி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று வாசல் கோலங்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம். அடிவாரத்தில் ஒரு டீ. அதற்குப் பிறகு மலைதான்.

இந்த மலைக்கு நான் வருவது இது நான்காவது தடவை. அருவி பார்க்க, கோயிலுக்கு, ஒரு கல்யாணத்துக்கு என்று முன்பு வந்திருக்கிறேன். இந்தத் தடவை வந்தது கிழங்கு வாங்க. அக்காவின் உத்தரவு.

“ரெண்டு கிலோ வாங்கிட்டு வா. பொடி வேண்டாம், கிழங்காவே வாங்கு. பொடியில என்னத்தக் கலக்குறாங்களோ” என்று முந்தின நாள் ராத்திரி சொல்லிவிட்டுப் படுத்தாள். சொல்லும்போதே மூச்சு வாங்கியது. அடுப்படியில் இருந்து கூடத்துக்கு நடந்து வந்ததற்கே அந்த மூச்சு.

முடவாட்டுக்கால் கிழங்கு என்றால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. யூடியூபைத் திறந்தால் யாராவது ஒருவர் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மூட்டு வலிக்கு என்று ஆரம்பித்தது, இப்போது ரத்த விருத்திக்கும் என்று வந்து நிற்கிறது. அக்காவுக்கு 47 வயது. ஆவணி மாதம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கரி மாதிரி போகிறது என்று மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கிழங்கு. காலைச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், நன்றாகச் சுண்டக் காய்ச்சி.

“மாத்திரையை ஏன்க்கா விட்ட?” என்று கேட்டால் அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. “எம் பொண்ணே காலேஜுல சோதிச்சுப் பாத்திருக்கா. ரத்த அணுவை அப்படியே காப்பாத்துதாம். வேற என்னடி வேணும்?”

அந்தப் பெண்தான் இப்போது காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல், கடைசி வருஷம். சாதாரணமாக வாய் ஓயாது. அன்றைக்கு வளைவுகளை எண்ணுவதுபோல வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. 20 தாண்டியதும் ஜன்னலை ஏற்றினோம். 40 வாக்கில் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, வருகிற வண்டியில் வாழைப்பழம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தன. கீழே ஏரிகள் உடைந்த கண்ணாடிச் சில்லுகளாகத் தெரிந்தன. டிரைவர் தம்பி உள்ளூர்க்காரர். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பதை மதிக்காத ஒரு வேனைப் பார்த்து, கோபப்படாமல், “இவங்க பிரேக்கை நம்பி வர்றாங்க, நாங்க சாமியை நம்பி வர்றோம்” என்றார். எலுமிச்சையை நகத்தால் கீறி முகர்ந்தபடி நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே சோளக்காட்டுச் சந்தை. பலாக் காலம் இல்லை. இருந்தாலும் மலை வாழை, கொய்யா, மிளகு, காப்பிக்கொட்டை, பாட்டிலில் தேன் என்று கடைகள் நிறைந்துதான் இருந்தன. நான்கைந்து இடங்களில் சாக்கு விரித்து, பழுப்பு நிறத்தில் ரோமம் மூடிய கால் கால்களாக அதைக் குவித்து வைத்திருந்தார்கள். முதல் முறை பார்ப்பவர்கள் சைவக் கடையில் இது என்ன என்று ஒரு நிமிடம் திகைப்பார்கள். அவ்வளவு அசலாக ஆட்டுக்கால்.

பேர்தான் கிழங்கு. உண்மையில் அது பெரணி வகைச் செடி. மண்ணுக்குள் இருக்காது, பாறை மேலும் மரக்கிளை மேலும் படர்ந்து ஊர்கிற தண்டுதான் நாம் கிழங்கு என்று வாங்குவது. அதற்கு இரண்டு விதமான இலை உண்டு. ஒன்று நீளமான பச்சை இலை. இன்னொன்று சின்னதாக, காய்ந்து பழுப்பாகி, தண்டை ஒட்டிக் கூடு மாதிரி நிற்கும். உதிர்கிற சருகு, தூசி, மழைத்தண்ணீர் எல்லாம் அந்தக் கூட்டில் சேரும். மண்ணே இல்லாத பாறையில் தனக்கான மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி. வெயிலையும் காய்ச்சலையும் தாங்கி நிற்பதால் அதன் உடம்பில் பாதுகாப்புச் சரக்கு நிறைய. துவர்ப்பாக நாக்கில் ஒட்டுகிறதே, அதுவும் அந்தச் சரக்கில் ஒன்று. பின்னால் கதை அங்கேதான் வந்து நிற்கப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

“இப்பவே வாங்கிடலாமா?” என்று கேட்டேன்.

“திரும்பி வரும்போது பாத்துக்கலாம் சித்தி” என்றாள் மகள்.

அங்கிருந்து செம்மேடு. வல்வில் ஓரி குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவனுக்கு ஆடி மாதம் இங்கே விழா எடுக்கிறார்கள். இந்த மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துக்கொண்டு, “உங்க ஊர் எர்ணாகுளமா, பாலக்காடா” என்று கேட்கிற சுற்றுலாப் பயணிகளை நானே பார்த்திருக்கிறேன். மலையை ஆள்பவர்கள், அவ்வளவுதான் அர்த்தம். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து முன்னோர்கள் வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை.

வழியெல்லாம் அடுக்கு வயல். ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகுமாக இருந்த சரிவுகளில் மரவள்ளி பிடித்திருக்கிறது. எல்லாம் கீழே இருக்கிற ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவது. சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவர எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல வருஷமாக வேலை செய்கிறது. பலன் இல்லாமல் இல்லை. ஆனாலும் மரவள்ளிதான் கண்ணில் அதிகம் படுகிறது. கேழ்வரகுக் களியும் கீரையுமாக இருந்த தட்டு, ரேஷன் அரிசிச் சோறாக மாறியது மலையில் மட்டுமா நடந்தது? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 57. பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை என்றால் நமக்கு இருக்கும் என்கிற கணக்கு.

செம்மேட்டில்தான் செல்போனுக்கு உயிர் வந்தது. மலை ஏறுகிற நேரமெல்லாம் தேங்கிக் கிடந்த செய்திகள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. பின் சீட்டில் சத்தம் நின்றுபோனதைக் கவனித்துத் திரும்பினேன். மகள் போனை என்னிடம் நீட்டினாள். அக்காவுக்கு இரண்டு நாள் முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு.

7.1.

மூன்று மாதம் விடாமல் சூப் குடித்ததன் பலன், 8.4 இருந்தது 7.1 ஆகியிருந்தது. எட்டுக்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை.

யாரும் எதுவும் பேசவில்லை. “கோயிலுக்குப் போலாமுங்களா?” என்று டிரைவர் தம்பி கேட்டார். போகச் சொன்னேன்.

அறப்பளீஸ்வரர் கோயில் சின்னதுதான். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு அமைதி இருக்கிறது. உழும்போது கலப்பை பட்டு லிங்கத்தில் இருந்து ரத்தம் வந்தது என்று தல வரலாறு சொல்வார்கள். அன்றைக்கு அந்தக் கதையை அர்ச்சகர் யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தபோது, ரத்தம் என்ற சொல்லே உறுத்தியது. மகள் வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கு மேல் படி. ஆகாய கங்கை சுமார் 300 அடி உயரத்தில் இருந்து விழும் சத்தம் மேலே வரை கேட்டது. இருவருக்கும் இறங்க மனசில்லை. வெளியே ஒரு சூப் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

கடை ஒரு அம்மாவுடையது. விறகடுப்பில் பெரிய குண்டான். கிழங்கின் ரோமத்தைச் சுரண்டி, தோலைச் சீவி, வட்டமாக நறுக்கி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு, தக்காளியோடு கொதிக்க விடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் ஆட்டுக்கால் சூப்பேதான். டம்ளர் 30 ரூபாய். அந்தக் குளிருக்கு அது கொடுக்கிற இதம் 300 ரூபாய் பெறும். இதைச் சொல்லாமல் விட்டால் அந்த அம்மாவுக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன்.

“குடிங்க அம்மணி. ரத்தம் ஊறும்” என்றார் அவர்.

மகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, “சித்தி, எல்லாம் என்னாலதான்” என்றாள்.

போன வருஷம் அவளுடைய புராஜெக்ட்டுக்கு ரத்தம் கொடுத்ததே நான்தான். ஐந்து மில்லி. அந்த ரத்தத்தை என்ன செய்தாள் என்று அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

உறையாமல் எடுத்த ரத்தத்தை ஒரு மெஷினில் வைத்து வேகமாகச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே நிற்கும் மஞ்சள் நீரைக் கொட்டிவிட்டு, அணுக்களை உப்புநீரில் மூன்று முறை கழுவ வேண்டும். நூற்றுக்கு 0.9 பங்கு உப்பு. அதில்தான் அணு நிம்மதியாக மிதக்கும். அதன் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டால், அணுவின் சுவர் ஓட்டையாகி உள்ளே இருக்கிற ஹீமோகுளோபின் வெளியே கசியும். தெளிந்த நீர் சிவப்பாகிவிடும். எவ்வளவு சிவப்பு என்பதை ஒளியைப் பாய்ச்சி அளக்கலாம். இன்னொரு குழாயில் முதலிலேயே மூலிகைச் சாறு கலந்து வைத்துவிட்டு அதே பெராக்சைடை விட்டால், நீர் அவ்வளவு சிவக்காது. அணு தப்பித்துவிட்டது. இதுதான் ஆன்டி ஆக்ஸிடன்ட் வேலை.

“நம்ம கிழங்கு போட்ட குழாய் நிஜமாவே தெளிவா இருந்துச்சு சித்தி. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்னைக்கே அம்மாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். ‘பாத்தியா, ரத்த அணுவைக் காப்பாத்துது’னு எழுதினேன்.”

“அது பொய்யா?”

“பொய் இல்ல. அதான் பிரச்னை.”

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பின்னால் டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டது.

சிவப்பணு ஒரு விசித்திரமான உயிர். அதற்கு உட்கரு கிடையாது. அடிபட்டால் புதிதாக எதையும் செய்து தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள முடியாது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 120 நாள் ஓட வேண்டும். அது சுமப்பதோ ஆக்ஸிஜன், பிடித்துச் சுமக்கும் கொக்கியோ இரும்பு. இரும்பும் ஆக்ஸிஜனும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டு மொட்டை மாடிக் கம்பியே சாட்சி. சுவரோ கொழுப்பால் ஆனது. பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதே, அதே மாதிரி அதுவும் கெடும்.

அதனால் அந்த அணுவுக்குள்ளேயே இயற்கை காவல் போட்டு வைத்திருக்கிறது. பெராக்சைடைக் கண்ட மாத்திரத்தில் தண்ணீரும் ஆக்ஸிஜனுமாகப் பிரித்துப்போட ஒரு நொதி. அதற்குக் கேட்டலேஸ் என்று பெயர். புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் பொங்குகிறதே, அது இவன் வேலைதான். இது போக குளூட்டாதயோன் என்று இன்னொரு காவல்.

“அவன் இருக்கிற வரைக்கும் என் சோதனை சரியா நடக்காது சித்தி. பெராக்சைடை ஊத்தினா அவனே பாத்துக்குவான். அதனால முதல்ல சோடியம் அசைடுனு ஒண்ணைப் போட்டு அவனைக் கட்டிப்போட்டோம். காவக்காரனைக் கட்டிப்போட்டுட்டு, திருடனை விட்டுட்டு, கிழங்கு பிடிக்குதானு பாத்தோம். பிடிச்சுது. ஆனா அம்மா உடம்புல காவக்காரனை யாரும் கட்டிப்போடலையே.”

இன்னொன்றும் சொன்னாள். குழாயில் சாறு நேராக அணுவின் மேல் விழுகிறது. வாயில் விழுகிற சாறு அப்படியா? குடலில் கொஞ்சம்தான் ஏறும். ஏறியதைக் கல்லீரல் உருமாற்றிவிடும். கடைசியில் ரத்தத்தில் வந்து சேர்வது குழாயில் போட்டதில் ஒரு துளிப் பங்கு.

“சரி, பலன் இல்லைன்னாலும் கெடுதல் இல்லையே. எதுக்குக் குறையணும்?” என்று கேட்டேன்.

அவள் கேட்டாளே ஒரு கேள்வி. “ஆன்டி ஆக்ஸிடன்ட் சக்தியை அளக்க எங்க லேப்ல இன்னொரு சோதனையும் பண்ணுவோம். அது என்ன தெரியுமா? அந்தச் சாறு இரும்பை எவ்வளவு இறுக்கிப் பிடிக்குதுனு பாக்கிறது.”

கட்டு அவிழ்ந்து கிடக்கிற இரும்புதான் இந்தத் துருப்பிடிக்கிற வேலைகளுக்கெல்லாம் தூபம் போடுவது. அதைப் பிடித்து வைத்தால் அணு பிழைக்கும். மூலிகைகளில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் இதில் கெட்டி. சோதனைக் குழாயில் அதற்கு நல்ல மார்க். அதே துவர்ப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால்? கீரையில் இருந்தும் பருப்பில் இருந்தும் வருகிற இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புக்குள் ஏற விடாது. சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதன் காரணமும் இதுதான். காய்கறி உணவில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வதைக் கெட்டியான டீ பாதிக்கும் மேல் குறைத்துவிடும். மாமிசத்தில் இருக்கும் இரும்புக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. அக்காவோ சுத்த சைவம். சூப்புக்கு அப்புறம் ஒரு டீயும் வேண்டும் அவளுக்கு.

எந்தக் குணத்துக்காக மகள் மார்க் வாங்கினாளோ, அதே குணம் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த 7.1-க்கு முழுப் பழியையும் சூப்பின் தலையில் போட்டால் அது நியாயமில்லை. மாத்திரையை நிறுத்தியதுதான் முதல் குற்றம். இரண்டாவது, அக்கா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. அதை அப்போது மகளும் நானும் அறியவில்லை.

அந்த அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். டம்ளரை வாங்க வந்தவர், “அம்மாவுக்கு ரத்தம் கம்மியா கண்ணு?” என்று மகளிடம் கேட்டார். தலையாட்டினாள்.

“எனக்குங் கம்மிதான். ஆஸ்பத்திரியில செகப்பு மாத்திரை தர்றாங்க. அதைத் தின்னுட்டுத்தான் அடுப்புகிட்ட நிக்கிறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரத்தம் ஊறும்னு எங்ககிட்ட சொன்னீங்களே?”

“ஊறுமுனுதான் எங்க பெரியவங்க சொல்லுவாங்க. அவங்க இதோட கேவுருக் களியும் கீரையும் தின்னாங்க. நாள் பூரா மேடு ஏறி எறங்குனாங்க. நீங்க கார்ல வந்து சூப்பு மட்டும் குடிச்சுட்டுப் போறீங்க.”

இதைவிட நன்றாக அந்தப் பேராசிரியர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றாள் மகள், காரில் ஏறிய பிறகு.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன். இவ்வளவு கிழங்கு எங்கிருந்து வருகிறது? முன்பெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறையிலேயே கிடைக்குமாம். இப்போது பாதி நாள் நடக்க வேண்டியிருக்கிறது. நுனியை விட்டுவிட்டு நடுவில் வெட்டினால் திரும்பத் தழையும். அவசரக்காரர்கள் பாறையோடு சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். கீழே நகரங்களில் இருந்து வருகிற ஆர்டர்தான் காரணம். அக்காவின் இரண்டு கிலோவும் அந்த ஆர்டரில் சேர்த்திதான். நினைத்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

திரும்பும்போது சோளக்காட்டில் நிறுத்தினோம். நான் கிழங்குச் சாக்கைப் பார்த்தேன். மகள் அதைத் தாண்டிப் போய், ஒரு பாட்டியின் கூடையில் இருந்து மலை நெல்லிக்காய் ஒரு படி வாங்கினாள். கொய்யா இரண்டு கிலோ. நெல்லியிலும் துவர்ப்பு இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, அதில் வைட்டமின் சி அதைவிட நிறைய, அது இரும்பை உடம்பு ஏற்கிற வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் என்றாள். “உங்க கையில இருக்கிற எலுமிச்சைகூட அந்த வேலையைப் பண்ணும் சித்தி.” குமட்டலுக்கு நான் முகர்ந்து முகர்ந்து வாடிப்போயிருந்த அதைப் பார்த்தேன்.

கடைசியில் ஒரே ஒரு கிழங்கு வாங்கினோம். வெறுங்கையோடு போனால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது.

இறக்கத்தில் எனக்குக் குமட்டவில்லை. மகள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். 52-ஆம் வளைவில் அழுதாள். 30-இல் சமாதானம் ஆனாள். அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தியபோது, “எனக்கு டீ வேண்டாம்” என்றாள், பழிவாங்குவது போல.

வீட்டில் அக்கா நான் எதிர்பார்த்த மாதிரி சண்டை போடவில்லை. 7.1 என்ற எண்ணைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மகளைப் பார்த்து, “அப்ப நீ படிச்சது தப்பா?” என்று கேட்டாள்.

“படிச்சது சரிம்மா. உனக்குச் சொன்னதுதான் அரைகுறை” என்றாள் மகள். ஒத்திகையில் இந்த வரி இல்லை.

மறுநாள் மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே மாதவிலக்கு பற்றித்தான். அக்கா மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகுதான் சொன்னாள். ஒரு வருஷமாக எட்டு நாள், பத்து நாள் போகிறதாம். வயசாகும்போது அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டிருக்கிறாள். ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி. சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் வைத்தியம் வேண்டும் என்றார் டாக்டர். அடியில் ஓட்டை இருக்கிற குடத்தில் மேலே எதை ஊற்றி என்ன? அளவு இவ்வளவு குறைந்திருப்பதால் முதலில் இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். மாத்திரையை வயிற்றைப் பிரட்டாத வேறு ஒன்றாக மாற்றிக் கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரை வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் இல்லை, சேராத இரும்பு வெளியேறுவது மட்டுமே என்பதையும் அன்றைக்குத்தான் அவளுக்கு யாரோ பொறுமையாகச் சொன்னார்கள்.

“சூப் குடிக்கலாமா டாக்டர்?” அக்கா விடவில்லை.

“பிடிச்சா குடிங்க. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க. டீயும் அதே கணக்குதான்.”

வாங்கி வந்த ஒற்றைக் கிழங்கை மகள் சுரண்ட விடவில்லை. நுனி பசுமையாக இருந்ததால், தேங்காய் நாரோடு சேர்த்துப் பின்கட்டு மாமரத்தின் கிளையில் கட்டிவிட்டாள். நாமக்கல் வெயிலுக்கு அது பிழைக்குமா என்று அக்காவுக்குச் சந்தேகம். தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கிறாள்.

பொங்கலுக்கு நான் போனபோது ஹீமோகுளோபின் 9.6-க்கு ஏறியிருந்தது. அடுப்படியில் இருந்து கூடத்துக்கு வந்து, மூச்சு வாங்காமல் என்னைத் திட்டினாள், வரும்போது பூ வாங்கி வரவில்லை என்று. காலையில் மகள் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் எலுமிச்சைச் சாறுமாக நின்றாள். அக்கா விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மணி எட்டரை. அப்ப டீ?”

“பத்தரைக்கும்மா.”

“பத்தரைக்கு டீ குடிக்கிற வீடு எங்கடி இருக்கு?” என்று என்னைப் பார்த்தாள். நான் மாமரத்துக் கிளையைப் பார்த்தேன். நார்க்கட்டுக்குள் இருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு புது இலை சுருண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.